மூச்சு விடாத மூக்கு

'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' முதல் படம், 2001. டொமினிக் டொரெட்டோ தானும் அப்பாவும் சேர்ந்து உருவாக்கிய 1970 டாட்ஜ் சார்ஜரை கராஜில் காட்டுவான். கறுப்பு வண்டி. பானெட்டைப் பிளந்துகொண்டு பளபளவென ஒரு உலோக உறுப்பு வெளியே நீட்டி நிற்கும். அது சூப்பர்சார்ஜர், அதன் தலையில் இருப்பது காற்று வாங்கும் வாய் என்று தியேட்டரில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? ஆனால் எல்லாருக்கும் ஒன்று புரிந்துவிட்டது: இந்த வண்டி சும்மா இல்லை.

பொருளைத் தெரிந்துகொள்ளும் முன்பே அதன் தொனி நமக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. கவிதைக்கு நடப்பதுதான் இது. அதனால் கார் பானெட்டின் மேல் முளைக்கும் அந்த மூக்கை, அதாவது ஸ்கூப்பை, ஒரு இலக்கிய இதழில் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதில் தப்பில்லை என்று நினைக்கிறேன். அதுவும் ஒரு வாசகனை நோக்கிப் பேசுகிறது. சில சமயம் உண்மையைச் சொல்கிறது, சில சமயம் கப்ஸா விடுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நாம் நினைக்கிற அளவுக்குச் சுலபமில்லை.

பழைய கார் ஒன்றுக்கு ஸ்கூப் மாட்டப்போகிறேன் என்று யாராவது சொன்னால், கார்ப் பித்தர்கள் கேட்கும் முதல் கேள்வி: "வேலை செய்யுமா, இல்ல டம்மியா?" வேலை செய்தால் மரியாதை. டம்மி என்றால் ஒரு நக்கல் சிரிப்பு. தீர்ப்பு அங்கேயே முடிந்துவிடும். இந்த அளவுகோல் போதாது என்பதுதான் என் கட்சி. ஏன் போதாது என்று காட்ட போண்டியாக் என்ற ஒரே ஒரு அமெரிக்க நிறுவனத்தின் பானெட்டுகள் போதும். பொய்யாகப் பிறந்த ஸ்கூப் அங்கே மெய்யானது. மெய்யான ஸ்கூப் பிறகு பொய்யானது. அந்தப் பொய்யை வண்டிக்காரர்கள் ரம்பம் எடுத்து மறுபடி மெய்யாக்கினார்கள்.

1. காற்றின் கணக்கு

கதைக்குள் போகும் முன், ஸ்கூப் என்ன வேலை செய்வதாகச் சொல்லிக்கொள்கிறது என்று பார்த்துவிடுவோம்.

எஞ்சினுக்குப் பெட்ரோல் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் காற்று. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதே கொள்ளளவில் அதிக ஆக்ஸிஜன் இருக்கும். பானெட்டுக்கு அடியில் இருப்பதோ எஞ்சினின் சூட்டில் வெந்த காற்று. அது 60 டிகிரி செல்சியஸ் என்றும், வெளிக்காற்று 30 டிகிரி என்றும் வைத்துக்கொண்டால் வெளிக்காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட 10 சதவீதம் அதிகம். பள்ளிக்கூட இயற்பியல்தான். 10 சதவீதம் என்பது ஒரு எஞ்சினுக்குச் சின்ன விஷயமில்லை.

இன்னொரு வாக்குறுதியும் உண்டு. வண்டி வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று ஸ்கூப்புக்குள் முட்டி, தானாகவே அழுத்தம் கூடும் என்பது. 'ராம் ஏர்' என்ற கம்பீரமான பெயர் இதற்குத்தான். கணக்குப் போட்டால் கம்பீரம் கொஞ்சம் இறங்கிவிடும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று தரக்கூடிய கூடுதல் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை. 160 கிலோமீட்டர் வேகத்தில் 1 சதவீதத்தைச் சற்றே தாண்டும். அதுவும் காற்று துளி வீணாகாமல் உள்ளே போனால்தான். ஆக, ஸ்கூப்பின் உண்மையான லாபம் குளிர்ச்சியில் இருக்கிறது. பெயர் மட்டும் முட்டலுக்குப் போய்விட்டது.

மூன்றாவது விஷயம், ஸ்கூப்பை எங்கே வைப்பது. ஓடும் வண்டியின் மேல்தோலை ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப்படலம் மந்தமாகத் தவழ்ந்துகொண்டிருக்கும். எல்லைப்படலம் என்பார்கள். அந்தப் படலத்துக்குள் தலை நிமிராமல் படுத்திருக்கும் ஸ்கூப்புக்குச் சுறுசுறுப்பான காற்று கிடைக்காது. அதைத் தாண்டி எழுந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் பானெட்டின் பின்கோடிக்குப் போக வேண்டும். முன்கண்ணாடி தொடங்கும் அடிவாரத்தில் காற்று மோதித் தேங்கி அழுத்தம் கூடுகிறது. அதனால்தான் விவரமான சில ஸ்கூப்புகள் முன்பக்கம் பார்க்காமல் ஓட்டுநரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கும். பார்த்தால் மாற்றி மாட்டிவிட்டார்களோ என்று தோன்றும். காற்றைப் புரிந்துகொண்டது அதுதான்.

2. மூடிய வாய்

1964 மாடலாக போண்டியாக் ஜிடிஓ வந்தது. அதற்குப் பின்னால் ஒரு திருட்டுத்தனம் இருக்கிறது. நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் கட்டுப்பாடு போட்டிருந்தது. ஜான் டிலோரியன் தலைமையிலான போண்டியாக் பொறியாளர்கள், பெரிய கார்களுக்கான 389 கன அங்குல வி8 எஞ்சினை (6.4 லிட்டர்) எடுத்து டெம்பெஸ்ட் என்ற சாதுவான காருக்குள் வைத்தார்கள். தனி மாடலாக அறிவித்தால் மாட்டிக்கொள்வோம் என்று, விலைப்பட்டியலில் ஒரு 'கூடுதல் வசதி'யாக அதை நுழைத்துவிட்டார்கள். ஜிடிஓ என்ற பெயரே ஃபெராரியிடமிருந்து கூச்சமில்லாமல் எடுத்தது. 5,000 வண்டி விற்றால் போதும் என்று தொடங்கியது. முதல் வருடமே 32,000-க்கு மேல் போனது.

அந்தக் காரின் பானெட்டில் இரண்டு ஸ்கூப்புகள் இருந்தன. இரண்டும் மூடியவை. உள்ளே ஒரு மூச்சுக் காற்றுகூடப் போகாது.

நம் பித்தரின் அளவுகோல்படி இது டம்மி. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த மூடிய வாய் என்ன சொல்கிறது? 'உள்ளே பெரிய எஞ்சின் இருக்கிறது' என்கிறது. உள்ளே உண்மையிலேயே பெரிய எஞ்சின்தான் இருந்தது: 325 குதிரைத்திறன், மூன்று கார்புரேட்டர் வைத்ததில் 348. வெளியே மட்டும் குடும்பஸ்தனின் கார். தலைமையகத்துக்குத் தெரியாமல் உள்ளே வந்த எஞ்சினைப் பற்றித் தெருவுக்குத் தகவல் சொன்ன அடையாளங்களில் ஒன்று அந்த மூடிய ஸ்கூப். தான் காற்று வாங்குவதாகச் சொன்னது பொய், தனக்குக் கீழே இருப்பதைப் பற்றிச் சொன்னது மெய். உவமை என்று நாம் சொல்வதும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். முகம் நிலவு என்று ஒருத்தன் சொன்னால் பள்ளங்கள் எங்கே என்று யாரும் தேடுவதில்லை.

இதற்கு நேர் எதிரான கூத்து ஒன்றும் அதே வருடம் நடந்தது. 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை போண்டியாக் ஜிடிஓவையும் ஃபெராரி ஜிடிஓவையும் அட்டையிலேயே மோதவிட்டது. போண்டியாக்கின் வேக எண்கள் பிரமாதமாக வந்தன. விளம்பரம் பார்த்துக்கொண்ட ஜிம் வேங்கர்ஸ் பல வருடங்கள் கழித்து விஷயத்தைப் போட்டு உடைத்தார்: சோதனைக்குக் கொடுத்த வண்டியில் இருந்தது 389 எஞ்சினே இல்லை, அதைவிடப் பெரிய 421. இதில் பொய் சொன்னது எது? ஊரே சந்தேகப்படும் ஸ்கூப் பாவம், அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் சந்தேகப்படாத அச்சடித்த எண்கள்தான் ஏமாற்றின.

1965 மாடலில் பானெட்டின் நடுவே ஒரே ஸ்கூப். அந்த வருடம் போண்டியாக் டீலர்களிடம் ஒரு பொட்டலம் வந்தது. கார்புரேட்டர்களைச் சுற்றி உட்காரும் ஒரு உலோகத் தட்டு, அதற்கும் பானெட்டுக்கும் நடுவே இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட். இதை மாட்டி, அடைத்திருந்த ஸ்கூப்பைத் திறந்துவிட்டால் அது வேலை செய்யும் ஸ்கூப். போண்டியாக் வரலாற்றில் ராம் ஏர் என்ற சொல் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஆனால் முன்னே சொன்ன எல்லைப்படலத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்த ஸ்கூப் பானெட்டோடு ஒட்டித் தாழ்வாக இருந்தது. அது வாங்கியதில் பெரும்பகுதி அந்த மந்தக் காற்றாகத்தான் இருந்திருக்கும். திறந்ததால் கிடைத்த உறுதியான பலன், கார்புரேட்டர்கள் காற்றை உறிஞ்சும் அந்த கர்ஜனை வெளியே வந்ததுதான். மூடியிருந்தபோது கண்ணுக்குச் சொன்னதை, திறந்தபோது காதுக்கும் சொன்னது. வேலை செய்யும் ஸ்கூப் என்று மெச்சுகிறோமே, அதிலும் பாதி நாடகம்தான். 'வேலை செய்யுதா' என்ற கேள்விக்கு ஆமாம், இல்லை என்று இரண்டே பதில் போதாது என்று சொல்வது இதனால்தான்.

3. கல்லில் ஒரு ஜன்னல்

அலங்காரத்தின் நேர்மை பற்றிப் பேசுகிறவர்கள் ஜான் ரஸ்கினைத் தாண்டிப் போவது கஷ்டம். 1849-இல் வந்த 'கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்' நூலில் வாய்மைக்கு ஒரு விளக்கு ஒதுக்கியிருக்கிறார். தாங்காத தூண் தாங்குவதுபோல நிற்பது, மரத்துக்குப் பளிங்குபோல வண்ணம் பூசுவது, கையால் செதுக்கியதுபோல எந்திரத்தில் வார்த்து ஒட்டுவது. மூன்றையும் வஞ்சகம் என்று அடித்துச் சொல்கிறார். 1964 ஜிடிஓவை அவரிடம் காட்டியிருந்தால் மனுஷன் கோபத்தில் கைத்தடியை ஓங்கியிருப்பார் என்றுதான் முதலில் தோன்றும்.

ஆனால் அதே அத்தியாயத்தில் அவர் ஒரு விலக்குத் தருகிறார். கட்டடத்தில் தங்கமுலாம் பூசுவது பொய்யாகாது. ஏனென்றால் அதை முழுத் தங்கம் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நகையில் பூசினால் பொய். ஏனென்றால் அங்கே தங்கம் என்று நம்பிவிடுவார்கள். ஒரே முலாம், ஒரே உலோகம். பொய்யா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது பார்க்கிறவனுக்கும் பொருளுக்கும் நடுவே இருக்கும் புரிதல். ரஸ்கினின் மிச்சக் கோபத்தையெல்லாம் விட இந்த ஒரு விலக்குதான் எனக்கு உபயோகமாக இருக்கிறது.

மாமல்லபுரத்து ரதங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கூரை விளிம்பில் வரிசையாகக் குதிரை லாட வடிவில் சின்னச் சின்னக் கூடுகள். மரத்தில் கட்டிய பழைய கட்டடங்களின் வளைந்த ஜன்னலிலிருந்து வந்த வடிவம் அது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் அதைப் பாறையில் செதுக்கியபோது ஜன்னலின் வேலை போய்விட்டது. காற்றும் வராது, வெளிச்சமும் வராது. ஆனால் கூட்டுக்குள்ளிருந்து ஒரு முகம் எட்டிப் பார்க்கிறது. 'உள்ளே ஆள் இருக்கிறது' என்ற செய்தி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதைப் போலி ஜன்னல் என்று யாராவது திட்டுகிறோமா?

கூடு செய்ததைத்தான் ஜிடிஓவின் ஸ்கூப்பும் செய்தது. பயன் உதிர்ந்துபோன ஒரு வடிவம் குறியாக மாறி உயிரோடு இருப்பது மனிதர்கள் எல்லா ஊரிலும் செய்துவந்த காரியம். வித்தியாசம் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. கோயிலுக்குப் போகிறவன் கூட்டை ஜன்னல் என்று நினைத்துக் காசு கொடுப்பதில்லை. கார் வாங்குகிறவன் கொடுத்திருக்கலாம். முலாம் பூசிய நகை வாங்கியவனாக அவன் ஆகியிருக்கலாம். ஆகவே ஒவ்வொரு ஸ்கூப்பையும் தனித்தனியாகத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

4. நடுங்கிக்கொண்டே இருந்தது

படிப்பதற்கு மிகச் சுவாரசியமான ஸ்கூப் போண்டியாக் ஃபயர்பேர்ட் டிரான்ஸ் ஆம் காருடையது. 1970-இல் வந்த அதன் இரண்டாம் தலைமுறையில் 'ஷேக்கர்' வகை ஸ்கூப். இது பானெட்டில் மாட்டப்பட்டதே அல்ல. பானெட்டில் ஒரு ஓட்டை; எஞ்சினின் தலையில் நேராகப் பொருத்திய ஸ்கூப் அந்த ஓட்டை வழியாக வெளியே எட்டிப் பார்க்கிறது. ஆகவே எஞ்சின் நடுங்கினால் ஸ்கூப்பும் நடுங்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் ஒரு பக்கமாகச் சாயும். ஸ்கூப்பும் கூடவே சாயும். வாய் பின்பக்கம், முன்கண்ணாடியைப் பார்த்து. காற்றைப் புரிந்துகொண்ட ஸ்கூப்.

வடிவமைப்பாக இது அபாரமான யோசனை. உடம்புக்குள் இருப்பதை உடம்புக்கு வெளியே காட்டுவதற்குப் பதிலாள் வைக்காமல், உள்ளே இருப்பதே வெளியே வந்து நிற்கிறது. சிக்னலில் நிற்கும்போது ஓட்டுநர் தன் எஞ்சினின் நாடித்துடிப்பைக் கண்ணால் பார்க்கலாம்.

பிறகு காலம் மாறியது. புகைக் கட்டுப்பாடு, சத்தக் கட்டுப்பாடு, 1973-இன் எண்ணெய் நெருக்கடி. எஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைக்கப்பட்டது, குதிரைத்திறன் சரிந்தது. வண்டியின் உறுமல் விதிகளைத் தாண்டக் கூடாது என்பதற்காக 1973 வாக்கில் டிரான்ஸ் ஆம் ஷேக்கரின் வாயை உலோகத் தகடு வைத்து அடைத்துவிட்டார்கள். ஆனால் ஷேக்கரை எடுக்கவில்லை. அது எஞ்சினின் தலையிலேயே இருந்தது, முன்னைப் போலவே நடுங்கிக்கொண்டே. மூச்சு நின்றுவிட்டது, நாடி நிற்கவில்லை.

1977-இல் 'ஸ்மோக்கி அண்ட் தி பேண்டிட்' வந்தது. நெடுஞ்சாலையில் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று நாடே கட்டுண்டு கிடந்த காலம். பர்ட் ரெனால்ட்ஸ் ஒரு கறுப்பு டிரான்ஸ் ஆம் காரில் போலீஸுக்குத் தண்ணி காட்டுகிறார். 28 மணி நேரத்துக்குள் டெக்சார்கானாவிலிருந்து அட்லாண்டாவுக்கு 400 பெட்டி பீர் போய்ச் சேர வேண்டும். கதை அவ்வளவுதான். அந்தக் காரின் ஷேக்கர் வாயடைத்த ஷேக்கர். 1977 மாடலின் சக்திமிக்க எஞ்சினுக்கே 200 குதிரைத்திறன்தான். ஆனாலும் மக்கள் கொட்டினார்கள்: அந்த மாடல் ஆண்டில் 68,745 டிரான்ஸ் ஆம், 1979-இல் 1,17,108.

இதை ஏமாற்று என்று சொல்வதா? ஷேக்கரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த எழுத்தைப் பாருங்கள். சக்தி கூடிய போண்டியாக் எஞ்சின் உள்ள வண்டியில் 'டி/ஏ 6.6' என்று இருக்கும். சக்தி குறைந்த எஞ்சின்கள் உள்ள வண்டியில், ஓல்ட்ஸ்மொபீல் எஞ்சின் வைத்தது உட்பட, '6.6 லிட்டர்' என்று இருக்கும். வாயடைத்த அந்த ஸ்கூப், உள்ளே இருப்பது எது என்பதில் மட்டும் கறாராக உண்மை பேசியது. படிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு எழுத்து வித்தியாசம் போதும்.

1973-க்குப் பிந்தைய ஷேக்கரை ஒரு கையறுநிலைப் பாட்டாகப் படிக்கிறேன். தலைவன் போனபின் அவன் ஏறிவந்த குதிரையை, அவன் கொட்டிய முரசைப் பாடுவதுபோல, சக்தி போனபின் அதன் உறுப்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதை வாங்கிய இலட்சம் பேரும் ஏமாளிகள் என்று நினைக்க எனக்கு மனசில்லை. இழந்தது என்ன என்று அவர்களுக்குத் தெரியும். சிலர் ஒரு படி மேலே போய், வாங்கிய கையோடு ரம்பத்தை எடுத்து ஷேக்கரின் பின்தகட்டை வெட்டித் திறந்துவிட்டார்கள். இன்றும் பழைய டிரான்ஸ் ஆம் வைத்திருப்பவர்கள் அதைச் செய்கிறார்கள்.

5. ரம்பத்துக்கு முன்னால்

இவ்வளவு நேரம் நிறுவனம் மாட்டிய ஸ்கூப்புகளைப் பார்த்தோம். ஐம்பது அறுபது வருடப் பழைய கார் ஒன்றுக்கு இன்று ஒருத்தர் ஸ்கூப் மாட்டுவது வேறு கதை. அங்கே விமர்சனம் கையில் ரம்பத்தோடு நிற்கிறது.

வேலையின் வரிசையைச் சொல்கிறேன். முதலில் இடைவெளி. ஏர் ஃபில்டரின் மேல் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி வைத்து, பானெட்டை மெல்ல மூடித் திறந்தால் களிமண் நசுங்கிய கனம் எவ்வளவு இடமிருக்கிறது என்று காட்டிவிடும். எஞ்சின் சாயும் என்பதால் அதற்கும் இடம் விட வேண்டும். பிறகு அட்டையில் வெட்டிய மாதிரி, அதை வைத்து நடுக்கோடு. அந்தக் காலத்து பானெட் எல்லாமே கச்சிதமான சமச்சீராக இருக்காது. டேப்பை நம்பியவர்கள் கடைசியில் கண்ணைத்தான் நம்ப வேண்டியிருக்கும். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாலை மறைகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து பானெட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே எலும்புக்கூடுபோல ஒரு உட்சட்டம் ஓடும். அதை வெட்டினால் பானெட் விறைப்பை இழந்து வேகத்தில் படபடக்கும்.

அதற்குப் பிறகுதான் வெட்டு. ஸ்கூப்பின் அடிவிளிம்பைவிடச் சின்னதாக ஓட்டை. மூலைகளில் முதலில் வட்டத்துளை, இல்லையென்றால் கூர்மூலையிலிருந்து விரிசல் ஓடும். வெட்டிய விளிம்பை ராவி உடனே பிரைமர் அடிக்க வேண்டும், துரு காத்திருக்காது. ஸ்கூப் ஃபைபரில் செய்தது என்றால் இன்னொரு சிக்கல். வெயிலில் ஃபைபரும் இரும்பும் ஒரே அளவு விரிவதில்லை. இரண்டும் சேரும் இடத்தில் பட்டி பார்த்து, தேய்த்து, பெயின்ட் அடித்து, பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்பதுபோல வழவழப்பாக்கினால் சில கோடைகளில் ஒட்டுப்போட்ட கோடு தானே மேலே வரும். ஸ்கூப்பின் விளிம்பைத் தெரியும்படி விட்டு, திருகு போட்டு இறுக்கினால் இந்தத் தொல்லை இல்லை. ஒட்டை மறைத்தவன் மாட்டிக்கொள்கிறான், ஒட்டு இது என்று ஒத்துக்கொண்டவன் தப்பிக்கிறான். இதை நான் தத்துவமாகச் சொல்லவில்லை, டிங்கரிங் பட்டறை விஷயம்.

உள்ளே மழைநீர் வடிய வழி வேண்டும். வெளிக்காற்று நேராக ஏர் ஃபில்டருக்குப் போகும்படி அடைப்பு வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பானெட்டில் ஓட்டை மட்டும் போட்டுவிட்டு அடியில் தட்டும் கேஸ்கெட்டும் வைக்காவிட்டால், வந்த குளிர்காற்று சூட்டோடு கலந்து வீணாகும். ஓட்டையும் உண்டு, பயனும் இல்லை. திறந்திருந்தும் டம்மி.

இப்போது உண்மையான தர்மசங்கடம். ஸ்கூப் நேர்மையாக இருக்க வேண்டுமென்றால் பானெட்டை வெட்ட வேண்டும். வெட்டினால் பழைய வண்டியின் அசல் உறுப்பு ஒன்று போனது போனதுதான். தகட்டை மறுபடி பற்றவைக்கலாம். ஆனால் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய தகடு சூட்டில் நெளியும், பழைய வளைவு முழுசாகத் திரும்பாது. வெட்டாமல் மேலே ஒட்டினால் அசல் பிழைக்கும், ஸ்கூப் பொய்யாகும். காற்றுக்கு உண்மையாக இருப்பதா, வண்டிக்கு உண்மையாக இருப்பதா? இரண்டு விசுவாசமும் ஒரே தகட்டின் மேல் முட்டிக்கொள்கின்றன. 'டம்மியா?' என்று நக்கலடிக்கிறவர் பார்க்கத் தவறுவது இதைத்தான். டம்மி ஸ்கூப்பைத் தேர்ந்தெடுத்தவர் சில சமயம் வண்டியின் மேல் இருக்கும் மரியாதையால் அதைத் தேர்ந்தெடுத்திருக்கலாம்.

6. எதை மன்னிக்கலாம், எதை முடியாது

அப்படியானால் எதைத்தான் குறை சொல்வது? எல்லாமே சரி என்று கைகழுவினால் அது விமர்சனமில்லை. ஆகவே என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன்: ஸ்கூப் காற்று வாங்குகிறதா என்று கேட்பதைவிட, அது யாருக்காகப் பேசுகிறதோ அது உள்ளே இருக்கிறதா என்று கேட்க வேண்டும். 1964 ஜிடிஓவில் இருந்தது. 1977 டிரான்ஸ் ஆமில் குறைந்துபோய் இருந்தது, குறைந்ததை எழுத்திலும் ஒத்துக்கொண்டது. சாதுவான சின்ன எஞ்சின் ஓடும் ஒரு பழைய குடும்பக் காரின் தலையில் இரண்டு பக்க டேப் போட்டு ஒட்டிய பிளாஸ்டிக் ஸ்கூப்பில் இல்லை. அந்தக் காருக்கு அதன் சொந்த அழகு இருந்தது. அதைப் பேசவிடாமல் வேறொருவரின் குரலை அதன் மேல் ஒட்டியதுதான் குற்றம். சின்ன எஞ்சினாக இருப்பதில் அந்தக் காருக்கு ஒரு அவமானமும் இல்லை.

இது நம் பக்கமும் நடப்பதுதான். ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு எழுதிய மதிப்புரையின் முதல் பத்தியிலேயே ஃபூக்கோ, தெரிதா, தெலூஸ் மூவரும் வரிசையாக நிற்பார்கள். இரண்டாம் பத்தியிலிருந்து கதைச்சுருக்கம். கடைசி வரை அந்த மூவருக்கும் வேலையே வராது. பானெட்டில் மூன்று ஸ்கூப், அடியில் கேஸ்கெட் இல்லை. இந்தக் கட்டுரையில் ரஸ்கின் வருகிறாரே என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். அந்தத் தங்கமுலாம் விலக்கை எடுத்துவிட்டால் என் வாதம் நடக்குமா என்று பாருங்கள். நடக்கும் என்றால் அவரும் டேப் போட்டு ஒட்டியவர்தான். மேற்கோளைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பழைய காரைப் பொறுத்தவரை, விவரமான வண்டிக்காரர்கள் பலர் அந்தத் தர்மசங்கடத்துக்கு ஒரு தீர்வு வைத்திருக்கிறார்கள். எந்தக் கோட்பாட்டாளரும் சொல்லித் தந்ததல்ல. அதே மாடலுக்கு இன்னொரு பானெட் தேடிப் பிடிப்பார்கள்: ஏற்கெனவே நசுங்கியது, துருப்பிடித்தது, அல்லது பிற்காலத்தில் புதிதாக அடித்த நகல். ஓட்டை, திருகு, தட்டு, கேஸ்கெட் எல்லாம் அதில். அசல் பானெட்டைக் கழற்றி, பழைய போர்வையில் சுற்றி, கராஜ் சுவரில் சாய்த்து வைத்துவிடுவார்கள். சுவடியை வைத்துக்கொண்டு நகலில் திருத்தம் போடுகிற பதிப்பாசிரியரின் வேலை இது. தன் வாசிப்பைத் தைரியமாக வண்டியின் மேல் எழுதவும் செய்யலாம். தனக்குப் பின் வருகிறவர் அந்த வாசிப்பை ஏற்க மறுக்கவும் இடம் விடலாம்.

போண்டியாக் என்ற பெயரே இப்போது இல்லை, 2010-இல் மூடிவிட்டார்கள். புதிதாக ஒரு ஜிடிஓ பானெட்டும் அந்த ஆலையிலிருந்து இனி வரப்போவதில்லை. மிச்சமிருக்கும் அசல் தகடுகள் எண்ணிக்கையில் குறைந்துகொண்டேதான் போகும். எனவே ஸ்கூப் மாட்டுங்கள், தாராளமாக. பெரிய எஞ்சின் வைத்திருந்தால் ஊருக்குக் கேட்கும்படியே மாட்டுங்கள். ரம்பத்தை எடுக்கும் முன் இன்னொரு பானெட் கிடைக்குமா என்று மட்டும் ஒரு மாதம் தேடிப் பாருங்கள்.